சுரைக்காய் பஜ்ஜியும் பொன்னியம்மன் காப்பும்

திருத்தணி மலையடிவாரத்தில், ரயிலடிக்குப் போகிற சாலையை ஒட்டி, பொன்னியம்மன் பேட்டை என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் மா மியா என்ற பர்மாக்காரி சுரைக்காய் பஜ்ஜி சுட்டு விற்றாள். சுரைக்காயில் பஜ்ஜியா என்று முகம் சுளிக்கிறவர்கள் தாராளமாகச் சுளித்துக்கொள்ளுங்கள். அந்த ஊரும் முதலில் அப்படித்தான் சுளித்தது. அப்புறம் பொழுது சாய்ந்தால் போதும், ஆளுக்கொரு இலையை நீட்டிக்கொண்டு அவள் அடுப்பைச் சுற்றி நின்றது.

விரல் நீளத்துக்கு நறுக்கின பிஞ்சுச் சுரைக்காய். அதை அரிசி மாவும் கடலை மாவும் கலந்த கரைசலில் தோய்த்துப் போடுவாள். மேலே மொறுமொறு, உள்ளே வாயில் வைத்தால் கரைந்துபோகும். தொட்டுக்கொள்ளப் புளியும் பூண்டும் மிளகாயும் கரைத்த தண்ணீர். அதைச் சாப்பிட்டுவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டே இன்னும் ரெண்டு கேட்காதவன் அந்தப் பேட்டையில் பிறக்கவில்லை.

அவள் எப்படி இங்கே வந்து சேர்ந்தாள்? பேட்டைக்காரன் ஜம்புலிங்கம் பிழைக்கப் போன இடத்தில், பர்மாவில் பெகு பக்கத்து அரிசி மில்லில், அவளைப் பார்த்தான். பிடித்துப்போயிற்று, தாலியைக் கட்டிவிட்டான். யுத்தம் வந்தது, குண்டு விழுந்தது, ரெண்டு பேரும் காட்டு வழியாக நடந்தே வந்துவிட்டார்கள். நாற்பத்திரண்டில் அப்படி நடந்து வந்தவர்கள் எத்தனையோ பேர். யாரும் கையில் காகிதம் வைத்துக்கொண்டு நடக்கவில்லை. உயிர் இருந்தது, அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்த மூன்றாம் வருஷம் ஜம்புலிங்கம் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை குட்டி இல்லை. அவன் விட்டுப்போன ஒற்றை அறை வீட்டில் அவள் தனியாக இருந்தாள்.

துணைக்கு என்று சொன்னால் பக்கத்து வீட்டு ரத்தினம்மாள்தான். வாய் நீளம், மனசு அதைவிட நீளம். காலையில் மா மியாவைத் திட்டுவாள், மத்தியானம் அவளுக்குக் குழம்பு கொண்டுவந்து வைப்பாள். தமிழும் தெலுங்கும் கலந்து அவள் பேசுகிற வேகத்தில்தான் மா மியா ரெண்டு பாஷையும் கற்றுக்கொண்டாள்.

நாற்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாசத்துக்குக் கொஞ்சம் முன்னால் போலீஸ்காரர் ஏசுவடியான் சைக்கிளில் வந்து இறங்கினார். நல்ல மனுஷர், கெட்ட சேதியைக்கூட மெதுவாகத்தான் சொல்லுவார்.

"அம்மா, பர்மா இப்போ தனி நாடு ஆயிடுச்சு. அங்கே பொறந்தவங்க இங்கே இருக்கிறதைப் பத்தி விசாரிச்சுகினு இருக்காங்க. தாசில்தார் உங்களை வரச் சொன்னார்."

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு கேட்டார். புருஷன் உண்டா? இல்லை. பிள்ளை? இல்லை. கல்யாணத்துக்குச் சாட்சி? பெகுவில் இருந்தார்கள், இப்போது எங்கேயோ.

"புருஷன் உயிரோட இருந்தா பேச்சே இல்லம்மா," என்றார் அவர். "இப்போ ஒரே வழிதான். ஊருப் பெரியவங்க 'இவ எங்க ஆளு, இங்கேயே இருக்கட்டும்'னு வாயால சொல்லணும். சொன்னா நான் எழுதிக் குடுத்துடுவேன். சொல்லலேன்னா ஆடி ரெண்டாம் செவ்வாய் சாயங்கால ரயிலு. மெட்ராஸ் போய் அங்கேருந்து கப்பல்."

மா மியா தாசில்தார் ஆபீஸ் படியிறங்கி வந்தாள். கப்பல் ஏறிப் போய் யாரைப் பார்ப்பது? அவள் பிறந்த தெருவே இல்லை. அவளுக்கு இங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜம்புலிங்கத்தை எரித்த மண் இது. ரத்தினம்மாள் திட்டுகிற ஊர் இது. வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதாள். சாயங்காலம் எழுந்து சுரைக்காய் நறுக்கினாள்.

ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் இதே பேச்சுதான். தாலி கட்டினவன் நம்ம பையன், அப்புறம் என்ன கேள்வி என்றார் ஒருவர். அனுமதி இல்லாமல் வந்தது வந்ததுதானே, அதுக்கு ஒரு அபராதத்தைக் கட்டிவிட்டு முறைப்படி எழுதிக்கொடுத்து இருக்கட்டும் என்றார் இன்னொருவர். இன்றைக்கு இவளை விட்டால் நாளைக்குப் பத்து பேர் வருவான் என்றார் மூன்றாமவர். பேசினவர்களில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, மீதிப் பேர் வீட்டில் தமிழ். திருத்தணியே அப்போது சித்தூர் ஜில்லா. நாம் யார் பக்கம் என்று நமக்கே அடிதடி நடக்கப்போகிற நேரத்தில், அவள் யார் பக்கம் என்று அந்தக் கடையில் ஏகப்பட்ட டீ காலியானது.

பொன்னியம்மன் கோயில் தர்மகர்த்தா பச்சையப்பன் மட்டும் ஒரே பிடியாக நின்றார். நிலபுலம் உள்ளவர், கோயில் காரியத்தில் நெருப்பு.

"என் தம்பி பங்காரு பர்மாவுல இருவது வருஷம் மூட்டை தூக்கினான்," என்றார். "நீ யாருடா எங்க ஊர்லன்னு கேட்டு அடிச்சு வெரட்டினாங்க. கட்டின துணியோட வந்தான், வந்த வருஷமே போயிட்டான். இங்கே என்னடான்னா ரேஷன் அரிசிக்கு நம்ம ஜனமே வரிசையில நின்னுகினு இருக்குது. அவங்க ஊருப் பொம்பளைக்கு நான் எதுக்குப் பாய் விரிக்கணும்?"

அவர் பேச்சில் வலி இருந்தது. அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அவரை எதிர்த்துத் தாசில்தாரிடம் போய் நிற்கவும் யாருக்கும் தைரியம் வரவில்லை. ரத்தினம்மாள் ஒருத்திதான் அவர் வாசலில் போய் நின்று கத்தினாள். அவர் அவளுக்கு அக்கா புருஷன், உரிமையாகத் திட்டலாம். திட்டித் தீர்த்தாள். மனுஷன் அசையவில்லை.

இப்போது அந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆடியில் பொன்னியம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டினால் திருவிழா முடிகிற வரைக்கும் ஊரில் இருக்கிறவர்கள் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. வெளியூர்க்காரர்கள் காப்புக்கு முன்னாலேயே கிளம்பிவிட வேண்டும். இன்னொன்று, காப்பு முடிகிற வரைக்கும் எந்த வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக்கூடாது. அம்மனுக்கு ஆகாது.

அந்த வருஷம் காப்பும் அதே ஆடி ரெண்டாம் செவ்வாய்தான். பச்சையப்பனுக்கு இது ரொம்ப வசதியாகப் போயிற்று. விளக்கு வைக்கிற நேரத்தில் காப்பு, வெளியாட்கள் அதற்குள் எல்லை தாண்டிவிட வேண்டும் என்று தமுக்கு அடித்துச் சொல்ல வைத்தார். யாரைச் சொல்லுகிறார் என்று ஊருக்கே தெரியும்.

 மா மியா மூட்டையைக் கட்டிவிட்டாள். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஏசுவடியான் ரயில் டிக்கெட்டோடு காத்திருந்தார். கிளம்புவதற்கு முன்னால் மீதி மாவு வீணாகப் போகிறதே என்று ஒரு ஈடு போட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். அங்கேதான் வினை.

ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இன்றோடு எண்ணெய்ப் பலகாரம் கிடையாது, அதுவும் சுரைக்காய் பஜ்ஜி இனிமேல் எப்போதுமே கிடையாது. ஜனம் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தது. அவளைக் கப்பல் ஏற்ற வேண்டும் என்றவன் முதல் வரிசையில் நின்றான். இருக்கட்டும் என்றவனுக்குப் பின் வரிசைதான் கிடைத்தது. மாவு தீர்ந்தது, ரத்தினம்மாள் தன் வீட்டு மாவைக் கொண்டுவந்து கொட்டினாள். சுரைக்காய் தீர்ந்தது, எவனோ கொல்லையில் இருந்து ரெண்டு பறித்துக்கொண்டு ஓடிவந்தான். மா மியாவும் எத்தனை தரம்தான் "போதுங்க, நேரமாவுது" என்று சொல்லுவாள்?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பச்சையப்பன் வந்தார். அதட்டிக் கிளப்பத்தான் வந்தார், சத்தியமாக. ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில் வந்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறிவிட்டது.

"நைனா, ரெண்டே ரெண்டு," என்று அவள் இலையை நீட்டினாள். போகிறவள் நீட்டினதை எப்படித் தட்டுவது என்று வாங்கிக்கொண்டார். ரெண்டு நாலானது. நாலுக்கு மேல் அவர் எண்ணவில்லை, நாமும் எண்ண வேண்டாம்.

ஆடி மூட்டம். வெளிச்சம் எப்போது போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கோயிலில் பூசாரி யாருக்காகவும் காத்திருக்கிற ஆள் இல்லை. விளக்கை ஏற்றினார், அம்மனுக்கு மஞ்சள் கயிற்றைக் கட்டினார், உடுக்கையை அடித்தார். பச்சையப்பன் வாய் நிறைய பஜ்ஜியோடு அப்படியே நின்றுவிட்டார். மா மியா கையில் ஜல்லிக்கரண்டியோடு நின்றாள். அவள் மூட்டை வாசலிலேயே இருந்தது.

"காப்புக் கட்டியாச்சு. அடுப்பை அணைம்மா," என்றாள் ரத்தினம்மாள். அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "இனிமே அவளும் தாண்டக் கூடாது, நீயும் அவளைத் தாண்டச் சொல்லக் கூடாது பாவா."

பச்சையப்பன் அவசரமாக முழுங்கினார், புரையேறியது. யாரோ தலையில் தட்டினார்கள்.

ரயில் போய்விட்டது. மறுநாள் காலையில் தாசில்தாரே ஏசுவடியானோடு எல்லைக்கல்லுக்கு வந்துவிட்டார். இந்தப் பக்கம் ஊரே கூடி நின்றது.

"எங்க ஊர்லயும் காப்பு உண்டு, எனக்கு வழக்கம் தெரியும்," என்றார் தாசில்தார். "வெளியாளைக் காப்புக்குள்ள வெச்சிருந்தா என்னங்க ஆகும்?"

"தெய்வக் குத்தங்க," என்றார் பச்சையப்பன், தலையைக் குனிந்துகொண்டே.

"யாரு பொறுப்பு?"

"தர்மகர்த்தா தாங்க."

"யாரு அந்த தர்மகர்த்தா?"

ஊரே பச்சையப்பனைத்தான் பார்த்தது. 

"அப்போ அந்தம்மா வெளியாளா, உங்க ஆளா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. நான் எழுதிகினு போறேன்."

மனுஷன் திருதிருவென்று விழித்தார். வெளியாள் என்றால் அம்மன் காப்பைக் கெடுத்தவர் அவர். உள்ளாள் என்றால் டீக்கடையில் பேசின அத்தனை பேச்சும் வீண். செத்துப்போன தம்பி முகம் வேறு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

அவர் படுகிற பாட்டை மா மியாவால் பார்க்க முடியவில்லை. மூட்டையை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நைனா மேல தப்பு இல்லீங்க. நான்தான் அடுப்பை விட்டு எழுந்துக்கல. குத்தம் என்மேலயே வரட்டும், நான் தாண்டிப் போயிடறேன்," என்று சொல்லி எல்லைக்கல்லைப் பார்த்து நடந்தாள்.

அவள் ஒரு காலைத் தூக்கிவிட்டாள். பச்சையப்பன் ஓடிவந்து குறுக்கே நின்றார். முகம் ஜிவுஜிவு என்று சிவந்துவிட்டது.

"எங்கேடி போறே? உன்னை மாதிரி ஒருத்தன் அங்கேருந்து வந்தான், அவனையும் இப்படித்தான் எவனோ போடான்னான், ஒருத்தனும் குறுக்கே நிக்கல. ஊர்ல காப்புக் கட்டியிருக்குது. எங்க ஊருப் பொம்பளை எவளும் எல்லை தாண்ட மாட்டா. உள்ளே போ."

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பேச்சை மாற்றவில்லை.

"அது போதும்," என்றார் தாசில்தார். ரெண்டு வரி எழுதிப் பேனாவை மூடினார், ஏசுவடியானைப் பார்த்தார், ரெண்டு பேரும் போய்விட்டார்கள்.

ரெண்டு நாள் கழித்துக் கூழ் ஊற்ற வீட்டுக்கு வீடு கேழ்வரகு வசூல். பச்சையப்பன் கூடையோடு மா மியா வாசலில் வந்து நின்றார். அந்த வாசலில் அவர் கேட்டு நிற்பது அதுதான் முதல் தடவை.

"உன் வீட்டுப் பங்கு. ரெண்டு படி," என்றார்.

ஆறு வருஷமாக மா மியா அந்த ஊரில் யாரிடமும் குரல் உயர்த்தியது கிடையாது. வந்து ஒண்டினவள் எந்த முகத்தோடு சண்டை போடுவாள்? அள்ளிக் கொடுக்கத்தான் உள்ளே போனாள். பானைக்குள் கையை விட்டவள் அப்படியே நின்றாள். திரும்பி வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஒத்த ஆளு வீட்டுக்கு ரெண்டு படியா? ரத்தினக்கா வீட்ல ஏழு பேரு, அவங்களுக்கும் ரெண்டு படிதானே? இது என்னா நியாயம் நைனா?"

"தலைக்கட்டுக் கணக்குடி. வீட்டுக்கு ரெண்டு படி, ஆளுக்கு இல்ல."

"அது யாரு போட்ட கணக்கு? அம்மன் வந்து சொன்னாளா?"

"என்னடி, வாய் ரொம்ப நீளுது?"

"நீளும். நான் ஒரு படிதான் தருவேன்."

தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. வசூலுக்கு வந்தவரிடம் சண்டை போடாத வீடு அந்தப் பேட்டையில் கிடையாது, எல்லா வீட்டு வாசலிலும் நடக்கிற சண்டைதான் அது. பச்சையப்பனும் விட்டுக்கொடுக்காமல் தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினார். ரத்தினம்மாள் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "குடுக்காதேடி, ஒரு படிக்கு மேல குடுக்காதே," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.