அப்பாவைச் சவூதிக்கு அனுப்பிய குழு

திருகோணமலைப் பிள்ளைகளின் பிஞ்சு மனதைப் பாதுகாக்க ஒரு குழு இருக்கிறது என்ற நல்ல செய்தி ஜெயரூபிக்கு நாற்பத்துமூன்றாவது வயதில்தான் கிடைத்தது. எட்டு வயதில் கிடைத்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்! என்ன செய்வது, தொண்ணூறாம் ஆண்டில் அப்படி ஒரு குழுவை அமைக்க ஒருவருக்கும் நேரம் வாய்க்கவில்லை. எல்லோரும் சண்டைக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஜெயரூபி நகரத்தில் ஒரு காணிக் கந்தோரில் இலிகிதர். இருபது வருடமாக அடுத்தவனின் வேலி அரை அடி தள்ளிப்போன முறைப்பாடுகளைக் கோப்பில் கட்டிக் கட்டி அவளுக்கு மனிதர்கள் மேல் பெரிய நம்பிக்கை ஏதும் மிஞ்சவில்லை. பாலையூற்றில் தாய் குணேஸ்வரியோடு இருக்கிறாள். ஒரு கலியாணம் பேசி வந்தது, சரிவரவில்லை. இன்னொன்று பேசிக்கொண்டு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை, அவளும் தேடவில்லை.

இப்படிப்பட்டவள் ஒரு நாவல் எழுதினாள் என்றால் நம்புவீர்களா? எழுதினாள். பகல் சாப்பாட்டு நேரத்தில், பிழையாகிப்போன படிவங்களின் பின்பக்கத்தில், மூன்று வருடமாக எழுதினாள். அதுவும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு. கதையில் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை. வதனி என்ற சிறுமியின் அப்பாவை ஏழாம் அத்தியாயத்தில் துவக்குக்காரர் வந்து கொண்டுபோகிறார்கள். அவர் திரும்பி வரவில்லை. அம்மா அதை மறைக்காமல் பிள்ளையிடம் சொல்கிறாள். மிச்ச ஒன்பது அத்தியாயத்திலும் அந்தப் பிள்ளை அழுகிறது, சண்டை பிடிக்கிறது, பள்ளிக்கூடம் போகிறது, ஒருநாள் தன்னை மறந்து சிரித்தும்விடுகிறது. அவ்வளவுதான் கதை.

வருடத்துக்கு ஒரு சிறுவர் நாவலைத் தெரிவுசெய்து, அச்சடித்து, குச்சவெளியிலிருந்து மூதூர் வரை ஒவ்வொரு பள்ளிக்கூட நூலகத்துக்கும் கொடுக்கிற திட்டம் ஒன்று இருந்தது. அதற்கு அனுப்பினாள். ‘தங்கள் நாவல் சில சிறிய திருத்தங்களுக்கு உட்பட்டுத் தெரிவாகியுள்ளது’ என்று கடிதம் வந்தது. இருபது வருடம் அரசாங்கக் கடிதம் எழுதியவளுக்கு ‘சிறிய’ என்ற சொல்லைக் கண்டதுமே விஷயம் விளங்கியிருக்க வேண்டும். ஆனால் சந்தோஷத்தில் இருக்கிற மனிசருக்கு எப்போது புத்தி வேலை செய்தது?

குழுவில் மூன்று பேர். தலைவர் ஞானசேகரம், இளைப்பாறிய அதிபர், கோயிலில் சூரன் ஆட்டத்துக்குப் பதினெட்டு வருடமாகப் பொறுப்பு. அடுத்தவர் கமலாதேவி, முன்பள்ளி நடத்துகிறவர், பிள்ளைகளின் உளவியலில் மூன்று நாள் பயிற்சி எடுத்தவர், சான்றிதழும் உண்டு. மூன்றாமவர் கிண்ணியாவிலிருந்து வருகிற ஸெய்னுதீன் மாஸ்டர். பல் தீட்டுதல், கை கழுவுதல், வரிசையில் நிற்றல் பற்றி நாற்பது சிறுவர் பாடல்கள் எழுதியவர்.

“தங்கச்சி, தமிழ் அருமை. கை குடுக்க வேணும்,” என்றார் ஞானசேகரம். ஆனால் கை கொடுக்கவில்லை. மறுநாள் சூரன்போர். மரச் சூரனின் தலைகளுக்கு வர்ணம் அடித்துவிட்டு நேராக வந்திருந்தார், விரலெல்லாம் சிவப்பு. “ஆனால் இரத்தம் கூடிப்போச்சு.”

“சேர், முழுப் புத்தகத்திலயும் ஒரே ஒரு இடத்திலதானே இரத்தம் எண்டு வருது.”

“அந்த ஒரு இடந்தான் கூடிப்போச்சு.”

கமலாதேவி பென்சிலால் கோடு போட்ட பக்கங்களைத் திருப்பினார். “துவக்கு வேண்டாம் பிள்ளை. தடி எண்டு போடுங்கோ.” கொஞ்சம் யோசித்தார். “தடியும் வேண்டாம், பிள்ளையள் பயந்திடும். வந்த ஆக்கள் கோபமாய்ப் பாத்தினம் எண்டு போட்டால் காணும்.”

கோபமாகப் பார்த்தே ஒரு ஆம்பிளையை வீட்டிலிருந்து நிரந்தரமாகக் கொண்டுபோக முடியுமா என்று ஜெயரூபி யோசித்துப் பார்த்தாள். முடிந்திருந்தால் நாட்டுக்கு எவ்வளவு வெடிமருந்து மிச்சம்!

அடுத்தது ஸெய்னுதீன் மாஸ்டர். ஏழாம் அத்தியாயத்தை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: “இது நடந்த கதையா மகள்?”

“இல்லை சேர். கற்பனை.”

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. முன்பின் தெரியாத மூன்று பேருக்கு முன்னால், ஒரு தட்டு பிஸ்கட்டுக்கு மேலால், அப்பாவை எடுத்து வைக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

“அப்ப நல்லதாப் போச்சு,” என்றார் கமலாதேவி. “கற்பனைதானே, மாத்துறதுக்கு என்ன கஷ்டம்? இந்தப் பக்கத்தில எத்தினை அப்பாமார் சவூதியில இருக்கினம்! வதனியின்ர அப்பாவும் சவூதிக்குப் போட்டார் எண்டு வையுங்கோ. கடைசி அத்தியாயத்தில ஒரு பொம்மையோட வந்து இறங்கட்டும். பிள்ளையளுக்கும் சந்தோஷம், புத்தகமும் வந்திடும்.”

ஜெயரூபியின் கையிலிருந்த பிஸ்கட் இரண்டாக உடைந்தது. ஏனென்றால் இந்த யோசனைக்கு உரிமைக்காரி கமலாதேவி அல்ல. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்பே குணேஸ்வரி இதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

அப்பாவைக் கொண்டுபோன அன்று ஜெயரூபி பெரியம்மா வீட்டில் நின்றாள். திரும்பி வந்து கேட்டபோது அம்மா, “அப்பா சவூதிக்குப் போட்டார், பொம்மை வாங்கிக்கொண்டு வருவார்,” என்றாள். பிள்ளை தாங்காது என்ற நல்லெண்ணம்! பிள்ளையும் தாங்காமல் இல்லை, நன்றாகவே தாங்கியது. வகுப்பு முழுவதும் சொல்லிப் பெருமையடித்தது. ஒரு வருடம் போனது, கடிதமில்லை. மூன்று வருடம் போனது, பொம்மையுமில்லை. உன்ர அப்பா அங்கே வேறொருத்தியைக் கட்டியிருப்பார் என்று கூடப் படித்தவள் ஒருத்தி விளக்கம் கொடுத்தாள். பதின்மூன்று வயதில் ஜெயரூபி அம்மாவின் கலியாணப் படத்தை எடுத்து, கத்தரிக்கோலால் அப்பாவின் முகத்தை மட்டும் வட்டமாக வெட்டி அடுப்பில் போட்டாள். அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

பதினாறு வயதில் அடையாள அட்டைக்காகக் கிராம சேவகரிடம் போனபோது, அந்த மனிசன் கோப்பைப் பார்த்துவிட்டு, “தகப்பன் தொண்ணூறில பிடிச்சுக்கொண்டு போன ஆள்தானே?” என்று சர்வசாதாரணமாகக் கேட்டார். வருடக்கணக்காக வெறுத்த ஒரு மனிதரை ஒரே நிமிடத்தில் திரும்ப நேசிக்க வேண்டியிருந்தது. முகம் எப்படியிருந்தது என்று பார்க்கப் படமும் இல்லை. தாய்க்கும் மகளுக்கும் நடுவில் அதைப் பற்றி அன்றும் கதையில்லை, பிறகும் இல்லை. ஒரே குசினி, ஒரே கேத்தல், ஆனால் அந்தக் கதை மட்டும் இல்லை. நாவல் எழுதினதே வேறு எந்தப் பிள்ளையும் இப்படி முட்டாளாக்கப்படக் கூடாது என்றுதான்.

அப்படியானால் குழுவின் முகத்துக்கு நேரே எழும்பி நின்று நாலு கேள்வி கேட்டிருப்பாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? கேட்டாளே! “திங்கட்கிழமைக்கு முதல் மாத்திக் கொண்டுவந்தால் காணுமா மிஸ்?” என்று கேட்டாள். வெட்கங்கெட்டவள். ஆனால் இந்தத் திட்டத்தை விட்டால் அச்சடிக்க வேறு வழியில்லை என்பதும், ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் தன் பெயர் போட்ட ஒரு புத்தகம் நிற்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த ஆசையும் மனிசருக்கு உரியதுதானே.

மறுநாள் பின்னேரம் சூரன்போர் பார்க்கப் போனாள். முன்வரிசையில் யார்? கமலாதேவியும் அவருடைய முன்பள்ளிப் பிள்ளைகளும் தாய்மாரும். வடிவாகத் தெரிய வேண்டும் என்று ஞானசேகரமே இடம் பிடித்துக் கொடுத்திருந்தார். முருகனின் வேல் வந்து முட்ட, ஆனைத் தலை விழுந்தது, சிங்கத் தலை விழுந்தது. கழுத்தடியில் நல்ல கெட்டிச் சிவப்பு. ஞானசேகரத்தின் கைவண்ணம், குறை சொல்ல ஏலாது. ஒரு சின்னவள் வீரிட்டு அழுதாள்.

“அழக்கூடாது செல்லம்,” என்றார் உளவியல் படித்த கமலாதேவி. “கெட்டவன்ர தலைதானே!”

அழுத சின்னவள் அடுத்த தலைக்குக் கை தட்டினாள். பிறகு கச்சான் வாங்கித் தரச் சொல்லித் தாயின் சேலையை இழுத்தாள். ஜெயரூபிக்குச் சூரனில் ஒரு கோபமும் இல்லை, சிறுவயதிலிருந்து ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. பிள்ளைகள் பயப்படுவார்கள், அழுவார்கள், பக்கத்தில் பெரியவர்கள் நின்றால் வீட்டுக்குப் போய் நித்திரை கொள்வார்கள். இது அந்தக் கோயில் வீதியில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும், குழுக் கூட்டத்தில் கதிரையில் இருந்தால் மட்டும் மறந்துபோய்விடும். இவ்வளவையும் விளங்கிக்கொண்டவள் என்ன செய்தாள்? ஞாயிற்றுக்கிழமை காலை மேசையில் இருந்து அப்பாவைச் சவூதியிலிருந்து திருப்பிக் கூப்பிட்டாள்.

நாலு பக்கம். பஸ்ஸிலிருந்து இறங்குகிறார், கையில் பெரிய பெட்டி, பெட்டிக்குள் நீலக்கண் பொம்மை, வதனி ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறாள். எழுதும்போது ஜெயரூபிக்கே கண் கலங்கிவிட்டது, அதுதான் கேவலம். தாள்களை மேசையில் வைத்துவிட்டுக் கடைக்குப் பாண் வாங்கப் போனாள்.

குணேஸ்வரிக்கு எதைக் கண்டாலும் வாசிக்கிற பழக்கம். மருந்துச் சிட்டையையும் விடமாட்டாள், கடலை சுற்றின தாளையும் விடமாட்டாள். ஜெயரூபி பாணோடு திரும்பி வந்தபோது அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசித் தாளில் நின்றாள்.

“இவர் ஏன் பிள்ளை வாறார்?”

“கதையில அம்மா. அந்தக் குழு ஆக்கள் கேட்டவை. பிள்ளையள் பயப்பிடுமாம்.”

“சவூதி எண்டு நீ சொன்னனியோ?”

“நான் சொல்லேல்லை. அவையாத்தான் சொன்னவை.”

குணேஸ்வரி கண்ணாடியைக் கழற்றினாள். நாலு தாளையும் ஒன்றாக அடுக்கி மகள் பக்கம் தள்ளினாள்.

“வேண்டாம் பிள்ளை,” என்றாள். “நான் சொன்ன பொய்யை நீ அச்சடிச்சு விடாதை.”

ஜெயரூபி பாணைப் பிடித்தபடி நின்றாள். முப்பத்தைந்து வருடமாகக் காத்திருந்த ஒரு சொல் இப்படிக் காலைத் தேத்தண்ணிக்கு முதல் வந்து விழும் என்று யார் கண்டது? ஏன் அம்மா, ஏன் அந்தப் படத்தை நான் வெட்டும்போதாவது சொல்லவில்லை என்று கத்த வேண்டும்போல் வந்தது. கத்தவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தால் அந்தக் கேள்வியை அவள் தன்னிடமே ஆயிரம் தரம் கேட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

“பழசைக் குடுத்தால் திருப்பி அனுப்பிடுவினம் அம்மா. புத்தகம் வராது.”

“வராட்டிப் போகட்டும். முதல் எழுதினதை எடு. அவரைக் கொண்டுபோற இடத்தை வாசி.”

ஜெயரூபி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏழாம் அத்தியாயத்தை வாசித்தாள். முன் கதவைத் தட்டுகிறார்கள். அப்பா நீலச் சேட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறார். பிடரியில் அடிக்கிறார்கள், சேட்டுக் கழுத்தில் இரத்தம். எல்லாம் அவளாக நினைத்து எழுதியது. யாரிடம் கேட்பாள்?

“சேட்டு இல்லை,” என்றாள் அம்மா.

ஜெயரூபி நிறுத்தினாள்.

“முன் கதவாலயும் வரேல்லை. அவர் கிணத்தடியில குளிச்சுக்கொண்டு நிண்டவர். தலை முழுக்கச் சவுக்கார நுரை. ‘கழுவிப்போட்டு வாறன் ஐயா’ எண்டு கேட்டவர், நான் குசினிக்குள்ள நிண்டு கேட்டனான். விடேல்லை. அப்பிடியே கொண்டுபோனவை.”

ஜெயரூபி பேனையை எடுத்து நீலச் சேட்டின் மேல் கோடு போட்டாள். அம்மா அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“கண் எரிஞ்சிருக்கும்,” என்றாள் பிறகு. “அதையும் எழுது.”