எழுத்துக்காகக் கறுப்பாக்கிய கார்

எங்கள் அண்ணாவுக்கு வாயை விடக் கை முந்தும். ஆலங்குடாவில் வெள்ளைக்காரரை ஏற்றி இறக்கும் சாரதிகள் எல்லாருக்கும் அது தெரியும். தான் பேசி வைத்திருந்த பயணிகளை இன்னொருவன் மறித்து ஏற்றிவிட்டான் என்று அவனுடைய முன்பல்லை உடைத்துவிட்டு, அந்தப் பல் கிழித்த கையோடு வீட்டுக்கு வந்து சோறு கேட்டவன் அவன். நானும் சளைத்தவள் இல்லை. அவன் நெற்றியில் இருக்கும் தழும்பு, சின்ன வயதில் நான் அகப்பையால் போட்டது. வன்னியில் அப்பாவைப் புதைத்துவிட்டு எங்கள் இருவரோடும் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்த அம்மா, ஆமியையும் செல்லடியையும் விட நாங்கள்தான் தன்னைக் கொல்கிறோம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

வன்னிச் சண்டை ஓய்ந்து சில வருடங்களின் பின் எனக்குக் கலியாணம் பேசி வந்தது. சிலாபத்தில் கடை வைத்திருந்த குடும்பம். சீதனமாக ஒரு கார் கேட்டார்கள். எங்கள் ஆட்களிடம் எழுத்து என்றால் பதிவுத் திருமணம். தாலி பிறகு ஆறுதலாக ஏறலாம், ஆனால் எழுத்து முடிந்துவிட்டால் பெண் அவர்கள் வீட்டுப் பெண். எழுத்தன்றே கார்ச் சாவியையும் மாப்பிள்ளையின் கையில் கொடுப்பதாகப் பேச்சு.

அண்ணா ஒரு காரைக் கொண்டுவந்தான். கடற்கரை ஹோட்டல் ஒன்றின் வாசலில் வருடக்கணக்காக வெயில் காய்ந்தது. இயந்திரத்தில் குறை இல்லை, வெள்ளிநிறப் பூச்சும் மினுங்கியது. ஆனால் கறுப்பாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் எல்லாம், பம்பரின் கீழ்ப்பாதி, சில்லுகளுக்கு மேலான வளைவு, கதவோரப் பட்டி எல்லாம், உப்புக் காற்றில் வெளிறி அடுப்புச் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தன. பார்க்கிறவன் காரைப் பார்க்கமாட்டான், அந்தச் சாம்பலைத்தான் பார்ப்பான்.

முதலில் தேங்காயெண்ணெய் பூசினோம். ஒரு மணித்தியாலம் கறுகறுவென்று நின்றது. கச்சான் காற்று மணலை அள்ளி அடித்த அடியில், எண்ணெய் முழுக்க மணல் ஒட்டி முன்னையை விடக் கேவலமாகிவிட்டது. அண்ணா சில்லுக்கு ஓர் உதை விட்டான். பிறகு படகு திருத்துகிறவர்களிடம் போய், தீ ஊதுகிற விளக்கொன்றை இரவல் வாங்கி வந்தான். சூடு காட்டினால் பிளாஸ்டிக்கின் சொந்தக் கறுப்பு மேலே வரும் என்று யாரோ சொன்னார்களாம். சொன்னது பொய்யில்லை. ஒரு சாண் அளவு புதிதாகவே கறுத்தது, இரண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். அடுத்த சாணில் காற்று தீயைத் திருப்பியது. பம்பரின் மூலை உருகித் தொங்கியது. அண்ணா விளக்கை மணலில் எறிந்துவிட்டு வேலிக்கட்டையைக் குத்தினான். கட்டை அசையவில்லை, அவன் விரல்முட்டிகள் தோலுரிந்தன. நான் தண்ணீர் கொண்டு போனபோது செம்பையும் தட்டிவிட்டான்.

மூலையைச் சூடாக்கி நிமிர்த்தித் தந்தவர் கனமூலை என்ற ஊரில் கராஜ் வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர். வேலை முடித்து அனுப்பும்போது அவர் ஒன்று சொன்னார்.

"உப்ப எடுக்காம ஒண்டும் பூச வாணாம் தம்பி. நல்ல தண்ணில கழுவி, நல்லாக் காயப் போட்டுட்டுப் பூசுங்க."

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? எங்கள் கிணறு உவர். குடிக்கவும் சமைக்கவும் பவுசர் வண்டியில் வருவதுதான். வந்ததை எல்லாம் எழுத்துச் சமையலுக்கென்று பீப்பாய்களில் நிரப்பி, அம்மா காவல் இருந்தார்.

"ஒரு வாளி தாங்கோ அம்மா."

"சோறு உவர்ச்சா சம்பந்தி என்ன சொல்லுவா? கார் தண்ணி குடிக்கேல்லை எண்டு ஆரும் கோவிச்சுக்கொண்டு போகமாட்டினம்."

நான் வாளியைப் பீப்பாய்க்குள் விட்டேன். அம்மா என் கன்னத்தில் அறைந்தார். கலியாணப் பெண் என்றும் பார்க்கவில்லை. வாளியை அங்கேயே போட்டுவிட்டு, ஆத்திரத்தோடு கிணற்றுத் தண்ணீரை அள்ளி அந்த உவரிலேயே காரைக் கழுவினேன். உப்பை உப்பால் கழுவினேன். காய்ந்ததும் கறுப்புச் சப்பாத்துப் பொலிஷை மண்ணெண்ணெயில் குழைத்து இரண்டு பேரும் தேய்த்தோம். அம்மா மேல் இருந்த கோபத்தை எல்லாம் அந்தப் பம்பருக்குக் கொடுத்தேன். வேலை முடிந்தபோது கண்ணை எடுக்க முடியாத கறுப்பு. அண்ணா முதல் முறையாக என் தலையைத் தடவிவிட்டான்.

உப்பு ஈரத்தை இழுக்கும். இரவு முழுக்கக் கடற்காற்றின் ஈரத்தை அது இழுத்திருக்கிறது. விடியும்போது பொலிஷ் இளகிக் களியாகிவிட்டது. கலியாண அவதியில் ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை வெள்ளை நீளக் காற்சட்டை, வெள்ளைச் சேட்டோடு வந்தார். பதிவாளர் முற்றத்துப் பந்தலில் மேசை போட்டுக் கதிரையில் இருந்தார். என்னையும் பக்கத்தில் இருத்தியாயிற்று. மாப்பிள்ளை உட்காருவதற்கு முன் காரைப் பார்க்க வேண்டும் என்றார். போனார், கதவைத் திறந்தார், உள்ளே குனிந்தார். நிமிர்ந்தபோது தொடையிலிருந்து முழங்கால் வரை கறுப்பு. கையால் துடைத்தார், இன்னும் பரவியது. அவருடைய ஆட்களுக்குள்ளேயே ஒருவன் சிரித்துவிட்டான்.

"என்னடா இது? பழசுக்கு மை பூசித் தந்து என்னை ஏமாத்திறியோ?"

"இல்லை மச்சான், காயேல்லை, அவ்வளவுதான். நில்லுங்கோ, துடைச்சு விடுறன்."

அண்ணா குனிந்து, தோளில் கிடந்த துவாயால் அவருடைய காற்சட்டையைத் துடைத்தான். என் அண்ணா! ஒருவனுக்கும் குனிந்து நான் காணாதவன். குனிந்திருந்தவனின் கன்னத்தில் மாப்பிள்ளை ஓங்கி அறைந்தார். ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன.

எனக்குச் சிரிப்புக்கூட வரப் பார்த்தது. அண்ணா திருப்பிப் போடும் அடியில், இனி இந்த மனிதனைத் தூக்கிக்கொண்டுதான் சிலாபம் போக வேண்டும் என்று நினைத்தேன். அண்ணாவின் கைகளைப் பார்த்தேன். அவை மெல்ல முதுகுக்குப் பின்னால் போயின. ஒரு கை மற்றக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது அறை விழுந்தது. அப்போதும் அந்தக் கைகள் வரவில்லை.

"காணும், விடு தம்பி, நேரம் போகுது. வந்து கையெழுத்தை வை" என்றார் மாப்பிள்ளையின் தாய். அந்தக் குரலில் ஒரு பதற்றமும் இல்லை. சோறு ஆறுகிறது, வந்து சாப்பிடு என்பது போலச் சொன்னார். பதிவாளர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் அம்மா சம்பந்தியைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

நான் எழும்பிப் போனேன். சில்லுக்குப் பக்கத்தில், காரைத் தூக்குகிற ஜக்கின் இரும்புக் கம்பி கிடந்தது. மூன்றாம் முறை ஓங்கிய கையில், மணிக்கட்டுக்கு மேலே, என் பலம் எல்லாம் சேர்த்துப் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவர் முழங்காலில் விழுந்தார். இன்னும் ஒன்று போட ஓங்கினேன். கம்பியைப் பறித்து என்னை மணலில் தள்ளியது அண்ணாதான்.

பிறகு ஒரே கூச்சல். கதிரைகள் பறந்தன, சோற்றுக் கிடாரம் கவிழ்ந்தது. கையைத் துணியில் கட்டி அவரை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மா என்னை விழுத்தி வைத்து, கை சோரும் வரைக்கும் முதுகில் அடித்தார். நான் தடுக்கவில்லை.

அண்ணா காரில் சாய்ந்து மணலில் இருந்தான். சேட்டெல்லாம் கறுப்பு. நான் துணியை நனைத்துக் கொண்டுபோய் அவன் கன்னத்தைத் துடைத்தேன். அந்த விரல் அடையாளம் போகவில்லை. அவன் அழுதுகொண்டிருந்தான்.

"உனக்காகத்தானடி பொறுத்தனான். நான் வாங்கின அடியை எல்லாம் வீணாக்கிப் போட்டாய்."

"நீ பொறுத்ததைப் பாத்துத்தான் எனக்குப் பயம் வந்தது" என்றேன். "நாளைக்கு நான் அங்கயிருந்து அடி வாங்கிக்கொண்டு ஓடி வந்திருந்தா, நீ என்னைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டிருப்பாய் அண்ணா."

அண்ணா என் கையிலிருந்த துணியை வாங்கித் தன் முகத்தை மூடிக்கொண்டான்.