மணமக்களுக்குப் பின்னால் ஒரு பனிமலை

பர்கூரில் கல்யாணப் படம் எடுக்கிற ஸ்டுடியோ என்னுடையது. ஆர்டர் பேச வந்த ஒரு பெண் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, “இந்த ஓசூர் ஸ்டுடியோ மாதிரி எடுப்பீங்களாண்ணா?” என்றாள். அது நான் எடுத்த படம். மூலையில் இருந்த என் பெயரை வெட்டிவிட்டு, தங்கள் இணையப் பக்கத்தில் போட்டிருந்தார்கள்.

உடனே அந்த ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டேன். “நெட்ல இருந்துச்சுங்க, எடுத்தேன்” என்றார்.

“நெட்ல இருந்தா உங்கப்பன் வீட்டுச் சொத்தா?” என்று கத்தினேன். படத்தை நீக்கிவிடுவதாகச் சொன்னார்.

அதற்குள் அந்தப் பெண் என் மாதிரி ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மணமக்களுக்குப் பின்னால் நான் ஒட்டிவைத்த பனிமலை. “இத எந்த ஊர்லண்ணா எடுத்தீங்க?” என்று ஆசையாகக் கேட்டாள்.

“நெட்ல இருந்துச்சும்மா” என்றேன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

அவளுடைய கல்யாண ஆல்பத்தில் பின்னால் நிற்பது கிருஷ்ணகிரி மலை. நானே போய் எடுத்தேன்.