கவிழ்த்து வைத்த பஞ்சாரம்

செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். மீன் விற்கும் ரோசம்மாள் கூடையைப் படியில் இறக்கிவிட்டு, "அண்ணாச்சி, நம்ம கோழி டாக்டரம்மா தவறிட்டாவளாம்" என்றார். அதே மூச்சில் இருமல் மருந்தும் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகுதான் காசு வாங்காதது நினைவுக்கு வந்தது.

மரிய செலின் டாக்டர் இல்லை. கால்நடை மருந்தகத்தில் பராமரிப்பு உதவியாளராக இருந்தவர். 'கோழி டாக்டரம்மா' என்பது இந்த ஊர் அவருக்கு வைத்த கேலிப்பெயர். இன்று தெருக்காரர்கள் நீங்கள் அதே பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, அவர் படத்தோடு பேருந்து நிறுத்தத்தில் பேனர் கட்டியிருக்கிறீர்கள். முப்பதாம் நாள் பூசைக்கு அச்சடிக்கும் நினைவு மலரில் போட நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னீர்கள். என் கையெழுத்து அழகு, தமிழும் சுத்தம் என்றீர்கள். அந்தக் கையெழுத்து செலினம்மாவுக்காக ஏற்கெனவே ஒருமுறை உழைத்திருக்கிறது. அதைத்தான் எழுதப்போகிறேன். வெட்டாமல் போடுங்கள், முடியாவிட்டால் போடவே வேண்டாம்.

நான் திருச்செந்தூரிலிருந்து வந்து இங்கே மருந்துக்கடை வைத்தவன். செலினம்மா ஆலந்தலைப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். முற்றத்தில் நாலு கோழி நிற்கிற வீடு ஒன்றுவிடாமல் நுழைவார். கோழியைத் தொடையிடுக்கில் அணைத்துக்கொண்டு முதலில் கொண்டையைத்தான் பார்ப்பார். "கறுப்பாப் பொருக்குத் தட்டுனா அம்மை. வெள்ளையா மாவு பூத்தாப்பில இருந்தா படை. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீய" என்று அவர் சொல்லாத வீடு கிடையாது. பார்த்து முடித்ததும் குசினி வாசலில் நின்று சோப்பு கேட்டு வாங்கி, முழங்கைவரை கழுவுவார். சோப்பு கொடுக்க நம் வீட்டுக்காரர்கள் முகம் சுளித்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் அந்தோணியாருக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று தெருவில் திரிந்தது. காலில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். நேர்ச்சைக் கோழியை இங்கே யாரும் அடைப்பதுமில்லை, விரட்டுவதுமில்லை. எந்த முற்றத்திலும் இரை தின்னும், எந்தக் கூட்டிலும் போய் அடையும். அதன் கொண்டையிலும் தாடியிலும் வெள்ளை மாவு பூத்திருந்தது. ஒரு வாரத்தில் நாலைந்து வீட்டுக் கோழிகளுக்கும் அதே வெள்ளை வந்துவிட்டது. செலினம்மா வீடு வீடாகப் போய், சேவலை முதலில் பிரித்து வைக்க வேண்டும், கூட்டுக் குப்பையை எரித்துச் சுண்ணாம்பு போட வேண்டும், பொருக்கை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துவிட்டுப் படைக்கு உள்ள மருந்தை மட்டும் தடவ வேண்டும், நாலு வாரமாவது ஆகும் என்று படித்துப் படித்துச் சொன்னார். நாலு வாரம் காத்திருக்க யாருக்குப் பொறுமை? எல்லோரும் என் கடைக்கு வந்தார்கள்.

நான் கொடுத்தது மூன்று மருந்து கலந்த டியூப். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாதது. உங்கள் அரிப்புக்கும் அதைத்தான் கொடுத்தேன், உங்கள் கோழிக்கும் அதைத்தான் கொடுத்தேன். அதிலுள்ள ஒரு மருந்து இரண்டே நாளில் தோலைப் பளிச்சென்று ஆக்கிவிடும். அடியில் படை சுகமாக வளரும். எனக்குத் தெரியாதா? தெரியும். கேட்டதைக் கொடுத்தால் அண்ணாச்சி கைராசிக்காரர் என்கிறீர்கள். அந்தப் பேச்சு இனித்தது.

ஒருநாள் கடையில் நாலைந்து பேர் நிற்கும்போது செலினம்மா வந்தார். "அண்ணாச்சி, இந்த டியூபு படையக் கொல்லாது, மறைச்சுத்தான் வைக்கும். கலப்பில்லாத மருந்து ஒங்ககிட்ட இருக்குல்லா, அதக் குடுக்கப்பிடாதா?" என்றார். சத்தம் போடவில்லை, கெஞ்சத்தான் செய்தார். கோழிக்கு ஊசி போடுகிறவர் மனுஷ மருந்துக்கடைக்கு வந்து பாடம் எடுக்க வேண்டாம் என்றேன். நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேரின் பெயர் இப்போது அந்தப் பேனரில் 'கண்ணீருடன்' என்பதற்குக் கீழே இருக்கிறது.

மூன்றாம் நாள் கொண்டைகளெல்லாம் சிவந்துவிட்டன. அரசாங்க மருந்து செய்யாததை அண்ணாச்சி மருந்து செய்துவிட்டது என்று தெருவே மெச்சியது. நானும் தலைகால் புரியாமல் திரிந்தேன். மாதம் முடிவதற்குள் படை திரும்பி வந்தது. இந்தத் தடவை கொண்டையோடு நிற்காமல் கழுத்துவரை இறங்கிவிட்டது. இறகு கொட்டி, தோல் தடித்து நாறியது. பெட்டைகள் முட்டையை நிறுத்தின. சில கோழிகள் இரையெடுக்காமல் கிடந்து செத்தன.

அப்போதுதான் செலினம்மா தன் வீட்டுப் பஞ்சாரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். கோழியைக் கவிழ்த்து மூடும் பெரிய மூங்கில் கூடை. சேவலைப் பிடித்துத் தெருமுனையில் கவிழ்த்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஊர் கூடிவிட்டது. "ஏளா, அந்தோணியார் கோழியவா அடைக்க?" என்று வந்தார் ஒரு பெரியவர். செலினம்மாவும் அதே அந்தோணியாருக்குச் செவ்வாய் தவறாமல் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்தான். எழுந்திருக்காமலே சொன்னார்: "புனிதருக்குக் கோவம்னா எம்மேல வரட்டும். இதுக்கு ஆறணும், அவ்வளவுதான்." பெரியவர் பஞ்சாரத்தை ஓங்கி உதைத்தார். அது உருண்டு வந்து என் கடைப்படியில் முட்டி நின்றது. சேவல் ஓடிப்போனது. நான் கல்லாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

அடுத்த வாரம் சில பிள்ளைகளின் கையில் வட்ட வட்டமாகப் படை கிளம்பியது. கோழியிலிருந்து வந்ததா, வேறு எங்கிருந்தாவது வந்ததா என்று பார்க்காமல் சொல்ல முடியாது என்றார் செலினம்மா. நமக்கு அந்த யோசனையெல்லாம் எதற்கு? வீடு வீடாகப் போய்க் கோழியைத் தொடுகிறவர் அவர், அவர் கைதான் பரப்பியது என்று முடிவு கட்டினோம். மேலதிகாரிக்கு மனு போயிற்று. 'சுகாதாரம் பேணாதவர், பொதுமக்களின் பக்தியைப் புண்படுத்துகிறவர்' என்று அதில் இருந்தது. இந்த ஊரில் சோப்புப் போட்டுக் கை கழுவிய ஒரே ஆளைப் பற்றி நாக்கூசாமல் அப்படி எழுதியது நான்தான். முதல் கையெழுத்து என்னுடையது. அதன் கீழே தெருவே கையெழுத்துப் போட்டது. மலரைப் பிரித்து இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அந்தத் தாளில் இருக்கிறீர்கள்.

அவரைத் தாமிரபரணிக் கரை வயற்காட்டு ஊர் ஒன்றுக்கு மாற்றினார்கள். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். போவதற்கு முந்தின நாள் கடைக்கு வந்தார். முன்னங்கையில் ஒரு வட்டப் படை. கலப்பில்லாத டியூப் ஒன்று கேட்டார். நான் நிமிராமல் பில் எழுதினேன். அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மனுவக் காட்டுனாங்க அண்ணாச்சி. எழுத்தப் பாத்ததுமே தெரிஞ்சிட்டு. நீங்க நல்லவருதான், அதான் எனக்கு ஆத்திரமா வருது. கெட்டவன்னா விட்டுத் தொலைச்சிருப்பேன்" என்றார். டியூபை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர்மேலும் எனக்குக் கோபம்தான். என் கடையைப் பற்றி அவர் ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் அன்றைக்கே பூட்டியிருப்பார்கள். ஏன் எழுதவில்லை? எழுதியிருந்தால் இருவரும் சரிக்குச் சரி என்று நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அந்த டியூபை நான் நிறுத்துவதற்கு அதற்குப் பிறகும் ஒரு வருஷம் ஆனது. நிறுத்தியதை அவரிடம் போய்ச் சொல்ல நினைத்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அதற்குள் அந்தத் திங்கட்கிழமை காலையில் நெஞ்சுவலி என்றாராம், பத்து மணிக்கெல்லாம் முடிந்துவிட்டதாம். மாற்றலால்தான் செத்தார் என்று நான் சொல்லமாட்டேன், அது பொய். ஆனால் அவர் பெயரில் நாம் பூசிய கறையோடுதான் போனார். பேனர் கட்டினால் அது போகாது. மனு பொய் என்று, அதை எழுதிய கையால் இப்போது எழுதிவிட்டேன்.

அவருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது, அன்று படியில் முட்டி நின்று அவர் திரும்ப எடுக்காமல் போன அந்தப் பஞ்சாரம்தான். உதைபட்ட இடத்தில் மூன்று பட்டை ஒடிந்திருக்கிறது, கயிற்றால் கட்டியிருக்கிறேன். நேற்று மத்தியானம் ஒரு சேவல் கடைப்படிக்கு வந்தது. காலில் சிவப்பு நூல், கொண்டையில் வெள்ளை மாவு. பிடித்துக் கவிழ்த்துவிட்டேன். காலையும் மாலையும் கலப்பில்லாத மருந்து போடுகிறேன், போட்டுவிட்டு முழங்கைவரை கழுவுகிறேன். உங்களில் யாரோ நேர்ந்த கோழிதான். பூசையில் அழுது முடித்துவிட்டு நேரே கடைக்கு வந்து கேளுங்கள். நாலு வாரம் கழித்துத்தான் தருவேன். பஞ்சாரம் படியிலேயே இருக்கிறது. இந்தத் தடவை அதை உதைக்க வருகிறவர் முதலில் என்னை உதைக்க வேண்டும்.