ஊக்கு குத்திய நீலச் செருப்பு

வெயிலில் கிடந்து சூடேறிய ரப்பர் செருப்பின் வாசனைதான் எனக்கு இன்றைக்கும் ஒன்றாம் வகுப்பின் வாசனை. மற்றவர்களுக்குப் புது நோட்டும் சாக்பீஸ் தூளும் நினைவுக்கு வருமாம். எனக்கு வருவதெல்லாம் நெமிலிச்சேரி ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் தள்ளி இருந்த ஓர் ஓட்டுக் கட்டடமும், அதன் கோடி அறை வாசலில் வரிசையாக விட்டிருந்த பெண்களின் செருப்புகளும், அந்த வரிசையில் வார் அறுந்து ஊக்கு குத்தப்பட்டிருந்த என் அம்மாவின் நீலச் செருப்பும்தான். அந்தச் செருப்பை நினைத்தால் நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தும். ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், உறுத்துவது எனக்குத்தானே.

வில்லிவாக்கத்தில் வாடகை கட்டி மாளாது என்று அந்த வருடம்தான் நாங்கள் நெமிலிச்சேரிக்குக் குடிவந்திருந்தோம். அக்கம்பக்கத்தில் ஒருவரையும் தெரியாது. அப்பா லாரி ஓட்டினார். லோடு ஏற்றிக்கொண்டு போனால் என்றைக்குத் திரும்புவார் என்பது அவருக்கே தெரியாது. அம்மாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில், ஸ்விட்ச் பெட்டிகளுக்குத் திருகாணி முடுக்கும் வேலை. காண்டிராக்ட் வேலை என்பதால் நேரத்துக்குப் போய் நிற்காவிட்டால் அந்த இடத்தில் வேறொருத்தி நிற்பாள் என்று அம்மா அடிக்கடி சொல்வார். பள்ளி திறக்கும் நேரத்துக்கும் ரயில் வரும் நேரத்துக்கும் நடுவில் ஓடுவதற்குத்தான் அவகாசம் இருந்தது, அழுகிற பிள்ளையைத் தேற்றுவதற்கு இல்லை. நானோ பால்வாடிப் பக்கமே போகாதவள், போதாக்குறைக்குப் பிடிவாதக்காரி. முதல் நாள் அம்மாவின் புடவையைப் பல்லால் கடித்துக்கொண்டு தொங்கினேன்.

ஒன்றாம் வகுப்புக்கு எஸ்தர் டீச்சர். முதல் வாரம் எழுத்தும் வேண்டாம், எண்ணும் வேண்டாம், வந்து உட்காரப் பழகினால் போதும் என்பது அவர் கட்சி. பையை எந்த ஆணியில் மாட்டுவது, தட்டை எங்கே அடுக்குவது, தண்ணீர்க் குழாய்க்கு யார் பின்னால் யார் நிற்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதைவிட, எப்போது கையை விடுவது, எப்படித் திரும்பிப் பார்க்காமல் நடப்பது என்று அம்மாக்களுக்குச் சொல்லித் தருவதில்தான் அவருக்குப் பாதித் தொண்டை போகும். வீட்டிலிருக்கும் அம்மாக்கள் சில நாட்கள் வராந்தாவில் உட்கார்ந்துகொள்ளலாம். வேலைக்குப் போகிற அம்மாக்களுக்கு மட்டும் டீச்சர் தனியாக ஓர் உபாயம் வைத்திருந்தார். செருப்பை வகுப்பு வாசலில், பிள்ளையின் கண்ணில் படுகிற மாதிரி விட்டுவிட்டுப் போய்விட வேண்டியது. அம்மா சத்துணவுக் கூடத்தில் வெங்காயம் உரிக்கிறார், அங்கே அடுப்பு எரிகிறது, சின்னப் பிள்ளைகள் வரக்கூடாது என்று சொல்லிவிடுவார்கள். ஆயாவும் சமையல்காரம்மாவும் உள்பட மொத்தப் பள்ளிக்கூடமும் இந்த நாடகத்தில் சேர்த்தி.

அம்மா என் முகத்தைத் துடைத்துவிட்டு, வாசலில் செருப்பைக் கழற்றி வைத்து, விரலால் காட்டினார்.

"தோ பாரு, செருப்பு இங்க கீது. செருப்பு இல்லாம நான் எங்க போவேன்? இங்கதான் கீறேன்."

நான் நம்பினேன். அதுவும் எப்பேர்ப்பட்ட நம்பிக்கை! மத்தியானம் தட்டில் விழுந்த சாம்பாரில் வெங்காயத்தைத் தேடியெடுத்து, எங்கம்மா உரித்தது என்று பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காட்டிக் காட்டித் தின்றேன். மணியடித்துப் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, ஆயா என்னைக் குழாயடியில் உட்காரவைத்து, "அண்டா கழுவினு கீதும்மா, வந்துடும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பொழுது சாய்கிற நேரத்தில் அம்மா கூடத்துப் பக்கத்துச் சின்ன வாசல் வழியாக, ஈரக்கையைத் துடைப்பதுபோல முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வருவார். அந்தக் கையில் வெங்காய வாசனை வராதது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

மற்ற அம்மாக்கள் விவரமானவர்கள். வீட்டில் கிடந்த பழைய ஜோடி ஒன்றை எடுத்துவந்து வாசலில் விட்டுவிட்டு, காலில் போட்டிருந்ததோடு போய்விடுவார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு செருப்பு இருந்தால் போதுமாயிருந்தது. எங்கள் வீட்டிலோ அம்மாவுக்கு அந்த ஒரு ஜோடிதான், வேறு எந்தச் செருப்பை வாசலில் வைத்தாலும் நான் விட்டால்தானே? உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டிப் பார்க்கும்போது என் கண் முதலில் தேடுவது இடது செருப்பின் அந்த ஊக்கைத்தான். ஊக்கு தெரிந்தால் அம்மா இருக்கிறார், தெரியாவிட்டால் இல்லை, அவ்வளவுதான் என் கணக்கு. அதனால் அம்மா பள்ளியிலிருந்து ரயிலடி வரைக்கும், பிறகு பட்டரவாக்கத்தில் இறங்கி எஸ்டேட் கம்பெனி வரைக்கும், ஜூன் வெயிலில் வெறுங்காலோடு போய்வந்தார். நாலு நாளைக்குத்தானே, பழகிவிடுவாள் என்று நினைத்தாராம். ஒவ்வொரு நாளும் அன்றைக்குத்தான் கடைசி என்று நினைத்தாராம்.

நாளாக ஆக வரிசை குறைந்துகொண்டே வந்தது. பிள்ளைகள் வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டு விளையாட ஆரம்பித்தார்கள். கடைசியில் எங்கள் செருப்பு மட்டும் தனியாகக் கிடந்தது. போதும், நிறுத்திவிடலாம் என்று டீச்சர் சொல்லி, ஒருநாள் அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டே வாசலைத் தாண்டினார். நான் போட்ட சத்தத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து வேடிக்கை பார்த்தார்கள். காலையில் தின்ற இட்லியையெல்லாம் வாந்தியெடுத்தேன். அம்மா திரும்பி ஓடிவந்து என்னைக் கழுவிவிட்டு நிமிர்வதற்குள் ரயில் போய்விட்டது. இன்னொரு தரம் இப்படித் தாமதமாக வந்தால் வரவே வேண்டாம் என்று அன்றைக்குச் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் சொன்னாராம். மறுநாள் செருப்பு மறுபடி வாசலுக்கு வந்துவிட்டது. நான் ஊக்கைப் பார்த்துவிட்டு, ராணி மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தேன். சே, என்ன பிள்ளை நான்!

அப்புறம் ஒரு சாயங்காலம் அம்மா காலில் துணி சுற்றிக்கொண்டு நொண்டியபடி வந்தார். கேட்டதற்கு, சத்துணவுக் கூடத்தில் உடைந்த கண்ணாடி குத்திவிட்டது என்றார். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! மறுநாள் காலை அம்மா அதே கட்டோடு வந்து, அதே இடத்தில் செருப்பை வைத்துவிட்டுப் போனதும், நான் நேராக எஸ்தர் டீச்சர் மேசைக்குப் போய் நியாயம் கேட்டேன். நம் பள்ளிக்கூடத்தில் ஏன் கண்ணாடி கிடக்கிறது, எங்கம்மா காலில் ஏன் குத்தியது, யார் போட்டது என்று விரலை நீட்டிக் கேட்டேன். டீச்சர் என்னையும் வாசலில் கிடந்த செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஆயாவைக் கூப்பிட்டுக் கூடத்து வாசலைக் கூட்டச் சொல்லிவிட்டு, அவரும் ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார். நான் மேற்பார்வை பார்ப்பவள்போலப் பின்னாலேயே போனேன். டீச்சர் அடுப்படிப் பக்கம் திரும்பிய நேரத்தில், குனிந்து கூட்டிக் கூட்டி இடுப்பு நொந்துபோன ஆயா என்னைப் பார்த்து முனகினார்.

"உங்கம்மா இங்க இருந்தாத்தானே இங்க குத்தும்? அது காத்தாலயே வெறுங்கால்ல ரயிலுக்கு ஓடிப்பூடுது. கண்ணாடியாம் கண்ணாடி."

நான் அழுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, சொன்ன வாயைச் சட்டென்று கையால் பொத்திக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. அம்மா என்னை விட்டுப் போய்விட்டாரே என்ற எண்ணம்கூட வரவில்லை. வந்தது ஒரே ஒரு கேள்விதான்: "ரோடு சுடாதா?" ஆயா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு என் தலையைத் தடவினார். முந்தின ஞாயிற்றுக்கிழமைதான், செருப்பு போட்டிருந்தும், தார் ரோடு சுடுகிறது, தூக்கிக்கொள் என்று அம்மாவிடம் அடம்பிடித்தவள் நான். அம்மாவின் காலில் குத்தியது கண்ணாடிகூட இல்லை, எஸ்டேட் தெருவில் லேத்துப் பட்டறைகள் வாசலில் கொட்டிக் கிடக்கும் இரும்புச் சுருள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

வகுப்புக்குத் திரும்பி, வாசலில் கிடந்த செருப்பை எடுத்துவந்து என் பலகைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அன்றைக்குச் சாம்பாரில் வெங்காயத்தைத் தேடவில்லை. சாயங்காலம் அம்மா வழக்கம்போலச் சின்ன வாசல் வழியாக, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நொண்டிக்கொண்டு வந்தபோது, நான் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடி அவர் காலடியில் வைத்தேன். அம்மா கை துடைப்பதை நிறுத்திவிட்டார். போட்டுக்கோ என்றேன். கட்டுப்போட்டு வீங்கியிருந்த கால் வாருக்குள் நுழையவில்லை. நுழையட்டும் என்று நான் ஊக்கைக் கழற்றப் போக, வார் மொத்தமாகப் பிய்ந்து கையோடு வந்துவிட்டது. அம்மா அப்படியே படியில் உட்கார்ந்து என்னை மடியில் இழுத்துக்கொண்டார்.

"பொய் சொல்லிட்டேன் கண்ணு. உன்கிட்டப் போயி பொய் சொல்லிட்டேன்."

நாளையிலிருந்து செருப்பு வேண்டாம், நான் அழமாட்டேன், நீ போட்டுக்கொண்டே போ என்று நான் சொன்னேன். அம்மாவுக்கு அந்த ‘நாளை’ வரவே இல்லை. காய்ச்சல் கண்டு, கால் கணுக்கால் வரைக்கும் வீங்கி, ஆவடி ஆஸ்பத்திரியில் கிடந்து, எழுந்து நடக்க ஆரம்பித்தபோது கம்பெனியில் அந்த இடத்தில் வேறொருத்தி நின்றிருந்தாள். அதற்கப்புறம் அம்மா ஆவடி குவார்ட்டர்ஸில் வீடு வீடாகச் சமையல் வேலைக்குப் போனார். புண் ஆறியது, ஆனால் இடது பாதத்தை முழுதாக ஊன்றி அவர் நடந்து நான் அப்புறம் பார்க்கவில்லை. நான் மட்டும் சமர்த்தாக, அழாமல், பையை என் ஆணியில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய்வந்தேன். பாருங்கள், இப்படி இருக்கவேண்டும் என்று எஸ்தர் டீச்சர் மற்றப் பிள்ளைகளிடம் என்னைக் காட்டியபோது, பலகைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம்போல இருந்தது.

நான் வளர்ந்த பிறகு, இதைப் பற்றி அம்மாவும் நானும் ஒரே ஒரு முறைதான் பேசியிருக்கிறோம். என் அடத்தால்தான் உன் கால் போயிற்று என்றேன். போடி, பிள்ளைகிட்டப் பொய் சொன்னதற்குத்தான் கால் போயிற்று என்றார். தப்பை அவர் எனக்கு விட்டுக்கொடுக்கவில்லை, நானும் அவருக்கு விட்டுக்கொடுக்கவில்லை. அத்தோடு பேச்சை மாற்றிக் குழம்புக்கு என்ன வைப்பது என்று பேச ஆரம்பித்துவிட்டோம்.

இன்றைக்கு நானும் ஒன்றாம் வகுப்புக்குத்தான் பாடம் எடுக்கிறேன், பாரிவாக்கத்தில். ஜூன் மாதம் வந்தால் பிள்ளைகளைவிட அவர்களைப் பெற்றவர்களைப் பழக்குவதுதான் பெரும்பாடு. கடந்த வருடம் ஷமீமா என்று ஒரு தாய், பூந்தமல்லியில் துணிக்கடை வேலைக்குப் போகிறவர், இடுப்பில் தொற்றிக்கொண்டிருந்த மகளைப் பிரித்தெடுக்க முடியாமல் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லி ஏமாத்துங்க மிஸ், எனக்கு பஸ் போயிடும் என்றார். எஸ்தர் டீச்சரின் உபாயம் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அந்தப் பெண்ணின் காலைப் பார்த்தேன். புதுச் செருப்பு, பாதத்தில் மருதாணி. அம்மா வேலைக்குப் போறாங்க, மணியடிச்சதும் நீ வாசலுக்கு வா, அங்க நிப்பாங்க என்று உள்ளதையே அந்தக் குழந்தையிடம் சொன்னேன். அது இடைவேளை வரைக்கும் ஓயாமல் கதறியது. ஏமாற்றியிருந்தால் சிரித்துக்கொண்டு இருந்திருக்குமே என்று எனக்கு அதுவும் உறுத்தியது. எது சரி என்று இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் மணியடித்தபோது ஷமீமா மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார், அதுவரைக்கும் நானும் அந்த வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெமிலிச்சேரியில் அந்த ஓட்டுக் கட்டடம் இப்போது இல்லை, இடித்துவிட்டு மாடி கட்டிவிட்டார்கள். ஸ்கூட்டரை நிறுத்தாமலே பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போகிறார்கள். செருப்பை விட்டுச் செல்ல யாருக்கும் நேரமில்லை, அது இல்லாமல் தார் ரோட்டில் நடக்கவும் யாருமில்லை. அம்மா என்னோடுதான் இருக்கிறார். பள்ளி விட்டு வந்து படியேறும்போது கதவோரத்தில் அவருடைய செருப்பு கிடக்கும், டாக்டர் எழுதிக்கொடுத்த மெத்தென்ற செருப்பு, வாரில் ஊக்கெல்லாம் இல்லை. அதைப் பார்த்தும் எனக்குப் போதாது. வாசலிலேயே நின்று, அம்மா, அம்மா என்று கூப்பிடுவேன். தொலைக்காட்சிச் சத்தத்தில் முதலில் காதில் விழாது. மறுபடி கூப்பிடுவேன். "இங்கதான் கீறேன், இன்னாத்துக்கு கத்தினு கீற?" என்று உள்ளேயிருந்து குரல் வந்த பிறகுதான் என் செருப்பைக் கழற்றுவேன்.