செங்கோட்டை வண்டி காத்து நின்ற காலை

போன வாரம் விருதுநகர் ஸ்டேஷனுக்கு மருமகனை வழியனுப்பப் போயிருந்தேன். வண்டி தாமதம். மருமகன் போனைத் தடவிப் பார்த்து, "சாத்தூர் தாண்டிட்டு மாமா" என்றார். அந்த நேரம் பார்த்து வத்தல் மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கிப் பக்கமிருந்து ஒரு காற்று. மிளகாய் நெடி மூக்கில் ஏறி, தும்மித் தும்மிக் கண்ணெல்லாம் தண்ணீர். அது நெடியால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை. மருமகனிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. மெட்ராஸில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை திருத்துவதைவிட ரயில்வே டைம்டேபிள் படிப்பதில்தான் எனக்கு ருசி. அறையில் யார் ஊருக்குக் கிளம்பினாலும், எங்கே இறங்கி எதைப் பிடிக்க வேண்டும் என்று கேட்காமலே சொல்வேன். வண்டிகள் என்னைக் கேட்டா ஓடின? மெட்ராஸ் வண்டி நேரத்துக்கு விருதுநகர் வந்தால் செங்கோட்டை பாசஞ்சரை ஆற அமரப் பிடிக்கலாம். பிந்தினால் அதன் புகையைத்தான் பார்க்கலாம். அதற்கும் ஒரு வழி இருந்தது. மதுரையில் இறங்கி ஓடி, செங்கோட்டை லைனுக்கு ஆள் இருக்கிறது என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் கெஞ்சினால் விருதுநகருக்குச் செய்தி போகும். மனமிருந்தால் அங்கே வண்டியைக் கொஞ்சம் நிறுத்தி வைப்பார்கள்.

என் அறைத்தோழன் முத்தையாவுக்கு ஒருநாள் தந்தி வந்தது. தங்கை சீரியஸ், உடனே புறப்படு. பார்வதி அவன் தூக்கி வளர்த்த பிள்ளை. தாய் தகப்பன் கிடையாது. செங்கோட்டை லைனில் திருத்தங்கலில் வாக்கப்பட்டு, சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தாள். தந்தியைப் படித்ததும் முத்தையா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். எங்கள் பக்கத்தில் இறந்துபோனார் என்று யாரும் தந்தி அடிக்க மாட்டார்கள். வருகிறவன் வழியிலேயே இடிந்துபோகக் கூடாதே என்று, செத்தவரையும் சீரியஸ் என்றே அடிப்பார்கள். அது ஒரு மரியாதை. அவனைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் கூடப் போனேன்.

வழியில் எங்கெங்கோ நின்று நின்று, விடிந்தும் மதுரை வரவில்லை. முத்தையா ஜன்னலில் தலையைச் சாய்த்தவன் நிமிரவே இல்லை. கரித்தூள் விழுந்து கண் சிவந்ததா, அழுது சிவந்ததா தெரியவில்லை. மதுரையில் நான்தான் ஓடினேன். ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு அறுந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டே ஸ்டேஷன் மாஸ்டர் முன்னால் நின்றேன். அடிக்க வந்தவன் என்று நினைத்திருப்பார் பாவம்.

விருதுநகரில் இறங்கினால், எதிர் பிளாட்பாரத்தில் செங்கோட்டை வண்டி நிற்கிறது! எனக்குத் தலைகால் புரியவில்லை. கார்டு எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

"மதுரையிலருந்து சொல்லிவிட்ட ஆளுக நீங்கதானா? ஏறுங்க, ஏறுங்க. வண்டியில இருக்கவுக அம்புட்டுப் பேரும் என்னைய வையிறாக."

முத்தையா ஏறவில்லை. ஸ்டேஷன் வாசல் பக்கம் பார்த்தான். கடை திறக்கிற நேரம்.

"கோடி எடுக்கணும்லே" என்றான்.

கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும். கோடி என்பது அதுதான். அதைப் போர்த்தித்தான் எடுப்பார்கள். பார்வதிக்குப் பிறந்த வீடு என்று இருந்தது இவன் ஒருவன்தான்.

"ஏலே, சீரியஸ்னுதானே போட்டிருக்கு. ஒருவேளை உசிரோட இருந்தா? ஏறுலே முதல்ல."

"எந்தத் தந்தியிலலே செத்துட்டாகன்னு வந்திருக்கு? வெறுங்கையோட போய் நின்னா, எந்தங்கச்சி நாதியத்தவன்னு பேசுவாக. நான் போகாம எடுக்க மாட்டாக. அடுத்த வண்டியில போவோம்."

கார்டு இன்னும் கொஞ்சம் பார்த்தார். பிறகு விசில் ஊதிவிட்டார்.

அடுத்த வண்டி மாலையில்தான். பஸ்ஸும் இப்போது போல் நினைத்த நேரத்துக்குக் கிடையாது. ஜவுளிக்கடையில் முத்தையா சேலைகளை விரிக்கச் சொல்லி, அரக்கா பச்சையா என்று வெகுநேரம் தடுமாறினான். அவளுக்குப் பச்சைதான் பிடிக்கும் என்று கடைக்காரரிடம் சொன்னான். கல்யாணமா என்று கேட்டார் அவர்.

திருத்தங்கலில் அந்தத் தெரு முனை திரும்பும்போதே ஒப்பாரி கேட்டது. பார்வதியின் புருஷன் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"இப்பத்தான் வாரீகளா மச்சான்? கம்பெனியில மருந்து பத்திக்கிடுச்சு. ஆஸ்பத்திரியில கைய விரிச்சிட்டாக. வீட்டுல வாழையிலையில போட்டு வச்சிருந்தோம். மத்தியானம் வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் கெடந்தா. காலை வண்டிச் சத்தம் கேட்டதும், அண்ணன் வந்திருக்கும், போய்க் கூட்டியாங்கன்னா. ஸ்டேஷனுக்கு ஓடுனேன். நீங்க எறங்கல."

முத்தையா, "தந்தி..." என்றான்.

"சீரியஸ்னுதானே மச்சான் அடிச்சேன்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். உள்ளேயிருந்து வந்த ஒரு கிழவி முத்தையா கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, கோடி வந்துருச்சு" என்று வாங்கிக்கொண்டு போனாள். பச்சைச் சேலையைப் போர்த்தி எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு முத்தையா யாருக்கும் கோடி எடுத்ததில்லை. அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். கரி வண்டி போயிற்று. தந்தி போயிற்று. முகம் தெரியாத இரண்டு பேருக்காக ஒரு வண்டி வசவையும் வாங்கிக்கொண்டு நின்ற கார்டு மாதிரி ஆட்களும் இல்லை. அவரை நினைத்தால் இன்றைக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. இப்போதெல்லாம் சாவைப் போனில் பட்டென்று சொல்லிவிடுகிறார்கள், ஒரு மரியாதை உண்டா என்று என் வயதுக்காரர்கள் குறைப்படுகிறார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அந்த மரியாதை அன்றைக்கே இல்லாமலிருந்தால், பார்வதி அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போயிருப்பாள்.