ஜிமிக்கி தின்னும் சத்தம்

ஷிப்ட் முடிந்து வந்ததும் தானியேல் சட்டையைக்கூடக் கழற்றமாட்டார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நேரே உள்ளே போய் மண்டியிட்டு, கன்னத்தைச் சிமெண்டுத் தரையில் ஒட்டவைத்துக் கட்டிலுக்கு அடியில் பார்ப்பார். அங்கே கோணிச்சாக்கின் மேல் ஒரு வெள்ளை முயல் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவர் தேடுவது முயலை அல்ல, அதன் புழுக்கையை.

"இன்னிக்கும் இல்ல தம்பி" என்று எழுந்து நிற்பார். இரும்பு ரோலிங் மில்லின் கரி ஒரு கன்னத்தில் கலைந்தும் மறுகன்னத்தில் கலையாமலும் இருக்கும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய அந்தத் தெருவில் என் அக்கா வீட்டுக்கு எதிர்வீடு அவருடையது. பஹ்ரைனிலிருந்து நான் விடுமுறைக்கு வந்த வாரத்தில்தான் முயலுக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. வயிற்றில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. சென்னையில் பெரிய கால்நடை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். டாக்டரம்மா ஒன்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார்: தையல் தானாக ஆறிவிடும், ஆனால் அது தின்ன வேண்டும், தின்று புழுக்கை போட வேண்டும். முயலுக்குக் குடல் நின்றுபோனால் அப்புறம் பிழைக்காது.

சாப்பாட்டு ஒயர்க்கூடையில் வைத்து மின்சார ரயிலில் அதைத் திருப்பிக் கொண்டுவந்த கதையைத் தானியேல் எல்லோரிடமும் சொல்வார். பொன்னேரி வரும்போது எதிரில் இருந்தவர் கூடைக்குள் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, வறுவலா, பிரியாணியா?" என்றாராம். ஆபரேஷன் செய்து எடுத்துப் போகிறேன் என்று இவர் சொன்னதும், "முயல அறுத்துட்டுத் திரும்பத் தச்சி எட்த்தாற மொத ஆளு நீதான்பா" என்று பெட்டியே சிரித்ததாம். சொல்லும்போது இவரும் சிரிப்பார். சிரித்து முடிக்கும் முன்னே கண் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

தையலைக் கடித்துவிடாமல் இருக்க முயலின் கழுத்தில் ஒரு பட்டை. மில்லில் வருடாவருடம் எடுக்கும் தம் மார்பு எக்ஸ்ரே படத்தைக் கத்தரித்து அவரே செய்தது. வெயில் பட்டால் அதன் முகத்தைச் சுற்றி அவருடைய விலா எலும்புகள் தெரியும்.

முயலின் பெயர் ஜிமிக்கி. வைத்தவர் அவர் மனைவி மேரி. ஓடினால் காது இரண்டும் ஆடுகிறதாம். மேரியின் மடியில், நைட்டியின் பள்ளத்தில் உட்கார்ந்துதான் அது காரட்டும் கொத்தமல்லியும் தின்று வளர்ந்தது. மகளை ஊத்துக்கோட்டையில் கட்டிக்கொடுத்த கையோடு மேரி குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனார். இரண்டு வருடம் என்று போனவருக்கு அடுத்த ஒப்பந்தமும் பாதி ஓடிவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் போன் வரும். மில் இரைச்சலில் தானியேலுக்குக் காது மந்தம். அதனால் போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். கணவன் மனைவி பேச்சு தெருவுக்கே கேட்கும். யாரும் தவறாக நினைப்பதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்தே கேட்டேன்.

"யோவ், துன்னியா?"

"துன்னேன்."

"ஜிமிக்கி இன்னா பண்ணுது?"

"துன்னுக்கினு கீது."

"எங்க, போன அதுங்கிட்ட வையி. சத்தம் கேக்கலாம்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து ஜிமிக்கி எதையும் வாயில் வைக்கவில்லை. கீரையை அரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்டுவார். பாதி தாடையில் வழிந்துவிடும். தானியேல் என்னைப் பார்த்தார். பிறகு முயலின் முன்னால் கிடந்த காரட்டை எடுத்து, போனை வாயருகில் பிடித்து, கறுக் கறுக்கென்று தாமே கடித்தார். முழுக் காரட்டையும்.

"கேட்டுச்சா?"

"உம். நல்லாத்தான் துன்னுது. பல்லுதான் பெருசாயிட்ச்சாட்டம் கீது."

மேரியின் போன் கார்டில் காசு முடிந்து போன் அறுந்தது. தானியேல் வாயைத் துடைத்துக்கொண்டார். "தெரிஞ்சா அங்க ஒத்தையில குந்தி அழுவும் தம்பி. இது துன்ன ஆரம்பிச்சிட்ச்சுன்னா அப்பால சொல்லிக்கலாம். பஹ்ரைன் குவைத்துக்குப் பக்கம்தானே? மேரியப் பாத்தா நீ எதையும் சொல்லிடாத."

ஊரிலிருந்து எனக்குச் சொல்லப்படும் 'எல்லாரும் நல்லா இருக்கோம்' என்பதில் எத்தனை காரட் இருந்தனவோ என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு ரோசம்மாள் வாசலில் நின்று ஒரு குறை கண்டுபிடித்தார். மில் கிரீஸ் வெறும் சோப்புக்குப் போகாது. அந்தத் தெரு ஆண்கள் எல்லோரும் முதலில் மண்ணெண்ணெயில் கையைத் தேய்த்து, அப்புறம்தான் சோப்புப் போடுவார்கள்.

"ஏம்பா தானியேலு, நாஷ்டால கிருஷ்ணாயில ஊத்திக் குடுத்தா நீ துன்னுவியா? உன் கைய மோந்து பாரு."

அவர் முகர்ந்து பார்த்தார். "ஒண்ணும் தெர்லியேக்கா."

"உனக்கு எப்டித் தெரியும்? உனக்கு அதான் சென்ட்டு."

சீயக்காயும் புளியும் போட்டுக் கை சிவக்கத் தேய்த்தார். தெருவோரப் புல்லில் எல்லாம் மில் புகை படிந்திருக்கும் என்று ஏரிக்கரைவரை சைக்கிளில் போய்ப் புல் அறுத்துவந்து, அலசி, கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு நீட்டினார். ஜிமிக்கி ஓரடி முன்னால் வந்தது. விரல்களை முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அதுக்கு நான் வாணாம் தம்பி" என்றார். குற்றம் சொல்லும் குரல் அல்ல. "அதுக்கு மேரிதான் வேணும்."

எழுந்து பெட்டியைத் திறந்தார். அடியிலிருந்து ஒரு துணிக்கடைப் பிளாஸ்டிக் கவரை எடுத்தார். வாய் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. உள்ளே நீலப் பூப்போட்ட நைட்டி. ஏர்போர்ட்டுக்குப் புறப்பட்ட காலையில் மேரி கழற்றிப் போட்டது. துவைக்கவில்லை.

"கிறிஸ்மஸுக்கு மட்டும் அவுத்துப் பாப்பேன். சும்மா சும்மா தொறந்தா வாசனை போயிடும்."

கவரைக் கிழிக்காமல் முடிச்சை நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தார். பாதியில் என்னால் இருக்க முடியவில்லை. "அண்ணே, அதுல மருந்தெல்லாம் ஒட்டிக்குமே."

"ஒட்டட்டும். துன்னாப் போதும்."

நைட்டியை மடியில் விரித்து ஜிமிக்கியைத் தூக்கி வைத்தார். அது துணியின் மடிப்புக்குள் மூக்கை விட்டது. எதையோ தொலைத்ததுபோல ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு, இத்தனை நாளும் கூனியிருந்த முதுகு மெல்லத் தளர, படுத்தது. தானியேல் அசையவே இல்லை. கொத்தமல்லிக் காம்பு ஒன்று பக்கத்தில் கிடந்தது. ஜிமிக்கி அதை இழுத்தது.

தானியேல் முயலைப் பார்க்கவில்லை. பயந்தவர்போல என்னைப் பார்த்தார்.

"துன்னுதா?"

"துன்னுது அண்ணே."

"சத்தம் வருதா? எனக்குக் கேக்கல."

"வருது."

"எப்டி வருது?"

யோசித்தேன். "காகிதத்துல பேனா ஓடற மாதிரி."

"அவ்ளோ சின்னதாவா?" என்றவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யய்யோ, நான் எருமமாடு மாதிரி கடிச்சேனே!"

மறுநாள் காலையில் தானியேல் உள்ளங்கையில் கறுப்பாக, உருண்டை உருண்டையாக எதையோ ஏந்திக்கொண்டு ரோசம்மாள் வீட்டு வாசலில் நின்றார். "இன்னாப்பா, மொளவா?" என்று கையை நீட்டியவர், நீட்டிய வேகத்திலேயே பின்வாங்கினார். "அடச்சீ! போய்க் கைய கய்வு!" தானியேல் அந்தப் புழுக்கையைத் தெருவில் இன்னும் இரண்டு வீட்டுக்குக் காட்டிவிட்டுத்தான் கழுவினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வருவதற்கு வெகுமுன்பே அவர் தயார். மடியில் நைட்டி, நைட்டிமேல் ஜிமிக்கி, கையில் காரட். மணி அடித்ததும் ஸ்பீக்கரைப் போட்டு, ஒன்றும் பேசாமல் போனை முயலின் வாயருகில் வைத்தார்.

மேரிக்குப் பின்னால் எங்கோ ஒரு குழந்தை அரபியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் அதற்குப் பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதான் அதோட சத்தம்" என்றார் கடைசியில். "போன வாரம் துன்னது நீதானே?"

தானியேல் என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன்.

"அங்க இங்க பாக்காத. இத்தினி வருசம் உன் பக்கத்துல குந்தித் துன்னவ நானு. உன் பல்லு சத்தம் எனக்குத் தெரியாதா? அதுக்கு இன்னா ஆச்சு? மறைக்காம சொல்லு."

சொன்னார். கட்டி, ரயில், தையல், எல்லாம். நைட்டியை மட்டும் சொல்லவில்லை. மேரி திட்டினார். திட்டிக்கொண்டே வந்த குரல் ஓரிடத்தில் தணிந்தது.

"கார்டு முடியப் போவுது."

"சரி."

"யோவ்."

"இன்னா?"

"நீ இன்னொரு தபா கடி. கேக்கறேன்."

பக்கத்து வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த ரோசம்மாளின் துடைப்பம் நின்றது. ஜிமிக்கி மிச்சம் வைத்திருந்த பாதிக் காரட்டைத் தானியேல் எடுத்தார். நைட்டியின் ஓரத்தில் துடைத்தார். போனைக் கன்னத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மெதுவாக ஒரு கடி கடித்தார்.